தோற்றவர் கூற்று: போர்க்கைதியர் வாழ்க்கைக் கதைகளை மதித்தல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

போர்க்கைதியாக இருந்து மீண்டவர்களின் தன்வரலாறுகளும் நாட்குறிப்புகளும் இருபதாம் நூற்றாண்டில் பெருமளவில் வெளிவந்தன. அவர்களைப் போற்றும் புனைகதைகளும் திரைப்படங்களும் நினைவுச்சின்னங்களும் உடன் பெருகின. ஆயினும், கைதியானவர் தாமே கூறியதற்கும் அவரைப் போற்றும் பொருட்டுப் பிறர் கூறியதற்கும் இடையே ஒரு விலகல் தொடர்ந்து காணப்படுகிறது. புறநானூற்றின் 74ஆம் பாடல் கொண்டு அவ்விலகலை இனங்காணும் இக்கட்டுரை, இரண்டாம் உலகப் போரின் கீழ்த்திசைக் களத்தில் கைதியானவர்களின் எழுத்துகளிலும், அவற்றையொட்டி எழுந்த படைப்புகளிலும் அதனை ஆராய்கிறது. தோல்வி, மானக்கேடு, சினம் ஆகியவற்றை அகற்றிவிட்டு வழங்கப்படும் மதிப்பு, கதை சொன்னவரைச் சென்று சேர்வதில்லை என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: போர்க்கைதி, தன்வரலாறு, சான்றுரை, கணைக்கால் இரும்பொறை, எரிக் லோமாக்ஸ், சயாம்–பர்மா இரயில் பாதை, மலேசியத் தமிழ் நாவல்.

முன்னுரை

போரைப் பாடும் இலக்கியம் இரு வகை மாந்தருக்கு எளிதில் இடமளிக்கிறது. வென்றவர் ஒருவர், களத்தில் வீழ்ந்தவர் மற்றவர். முன்னவருக்குப் பரணியும் மெய்க்கீர்த்தியும் உள்ளன. பின்னவருக்கு நடுகல்லும் கையறுநிலையும் உள்ளன. வெல்லாமலும் வீழாமலும் பகைவர் கையில் உயிரோடு அகப்பட்டவருக்கு மரபு ஒரு தனித்துறையை வகுத்துத் தரவில்லை. அவருடைய அனுபவத்தில் களத்து வீரச்செயல்கள் குறைவு. பசி, நோய், வேலை, காத்திருப்பு, அடி ஆகியவையே மிகுதி. ஊர் திரும்பிய பின் அதனைச் சொல்லும்போது கேட்பவர் எதிர்பார்ப்பதும் அவர் சொல்ல விரும்புவதும் பொருந்துவதில்லை. ஆதலின் பலர் சொல்லாமலே இருந்தனர். சொன்னவர்களும் பல ஆண்டுகள் கழித்தே சொன்னார்கள்.

இக்கதைகளை இன்று தொகுப்போரும் ஆய்வோரும் ‘மதித்தல்’ என்னும் நோக்கோடுதான் அணுகுகின்றனர். அந்நோக்கத்தில் ஐயமில்லை. மதிப்பு எவ்வடிவில் வழங்கப்படுகிறது, அவ்வடிவம் சொன்னவரின் கூற்றைக் காக்கிறதா, மாற்றுகிறதா என்பனவே திறனாய்வுக்குரிய வினாக்கள். இவ்வினாக்கள் தமிழ் ஆய்வுக்குப் புதியனவும் அல்ல. சங்கத் தொகை நூலொன்றில் அவற்றின் மூலவடிவம் உள்ளது.

புறநானூறு 74: ஒரு கைதி, இரு முடிவுகள்

சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாகப் புறநானூற்றில் இடம்பெறுவது ஒரே பாடல். சோழன் செங்கணானோடு திருப்போர்ப்புறத்தில் பொருது பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் இருந்தபோது, தண்ணீர் கேட்டு உடனே பெறாமல், பின்னர்ப் பெற்றபோது கையில் வைத்துக்கொண்டு பருகாமல் பாடி இறந்தான் என்று பாடலின் கொளு கூறுகிறது. குழந்தை இறந்து பிறப்பினும் உருவற்ற தசையாகப் பிறப்பினும் அதனையும் வாளால் போழ்ந்தே அடக்கம் செய்யும் மறக்குடியில் பிறந்த தான், சங்கிலியால் கட்டப்பட்ட நாயைப் போல் இருத்தப்பட்டு, பகைவரிடம் நீரை இரந்து பெறும் நிலைக்கு வந்ததைப் பாடல் பேசுகிறது.

இப்பாடல் மானத்தின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல்களில் வைக்கப்படுவது வழக்கம். பாடலின் கூற்றை உற்றுநோக்கினால் வேறொன்று புலப்படும். பேசுபவன் தன் மானத்தைப் பறைசாற்றவில்லை. தான் நீர் கேட்டுவிட்டதை ஒப்புக்கொள்கிறான். வயிற்றுத் தீ தணிய இரந்ததே அவனை வருத்துகிறது. மானம் இழக்கப்பட்ட பின் பிறந்த பாடல் இது. சிறைப்பட்டவன் தன் தாழ்வைத் தன் வாயால் சொல்வதே இதன் ஆற்றல். நீரை மறுத்த செய்கை பாடலுக்குள் இல்லை, கொளுவில்தான் உள்ளது. பாடல் தாழ்வைச் சொல்கிறது. கொளு அதனை வீரமாக்குகிறது. இரண்டையும் ஒன்றாக்கிப் படிக்கும்போது ஒப்புக்கொள்ளல் மறைந்து வீரம் மட்டும் எஞ்சுகிறது.

இதே சேரனைப் பற்றி மற்றொரு மரபும் உண்டு. பொய்கையார் களவழி நாற்பது பாடிச் செங்கணானிடமிருந்து அவனை விடுவித்தார் என்பது அம்மரபு. பிற்காலப் பரணியும் உலாக்களும் இச்செய்தியைப் போற்றுகின்றன. களவழி நாற்பதோ முற்றிலும் சோழனின் போர்க்களத்தைப் புனைவது. குருதியும் யானையும் முரசும் நிறைந்த அந்நூலுக்குள் சிறையில் இருப்பவனின் நிலை பற்றிய பேச்சில்லை. விடுதலைச் செய்தி நூலுக்கு வெளியிலிருந்தே வருகிறது. விடுதலை ஆணை வருமுன் சேரன் இறந்தான் என்று கூறி இரு மரபுகளையும் இணைப்போர் உளர். வரலாற்று நோக்கில் எது சரி என்பது இங்கு வினா அன்று. ஒரு கைதியின் கதைக்குத் தமிழ் மரபு இரு முடிவுகளை வழங்கியுள்ளது என்பதே நோக்கத்தக்கது. ஒன்றில் அவன் குரல் எஞ்சுகிறது; உயிர் எஞ்சவில்லை. மற்றொன்றில் உயிர் மீள்கிறது. புகழோ புலவரின் நாவன்மைக்கும் வென்றவனின் பெருந்தன்மைக்கும் போய்ச் சேர்கிறது. இரண்டாம் முடிவு கேட்போருக்கு இனியது. அதில் கைதி சொல்வதற்கு எதுவும் இல்லை. கேட்போருக்கு இனிய முடிவைத் தேடும் இப்போக்கே பிற்காலப் போர்க்கைதிக் கதைகளிலும் தொடர்கிறது.

மானக்கேட்டை எழுதுதல்

1941இல் ஜப்பானியப் படைத்துறை வெளியிட்ட ‘சென்ஜின்குன்’ என்னும் களநெறி நூல், உயிரோடு பிடிபடுவதை இழிவாகக் காணும் மனநிலையை விதியாகவே ஆக்கியது. தம்மிடம் சரணடைந்த நேச நாட்டு வீரர்களை ஜப்பானியக் காவலர் இழிவாக நோக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அதே நெறி அந்நாட்டு வீரர்களையும் விடவில்லை. 1945 சனவரியில் பிலிப்பைன்ஸின் மிண்டோரோ தீவில் அமெரிக்கப் படையிடம் பிடிபட்ட ஓகா ஷோஹெய், ‘ஃபுரியோகி’ என்னும் கைதிக் குறிப்பை எழுதி 1948 முதல் வெளியிட்டார். எதிரே வந்த இளம் அமெரிக்க வீரனை ஏன் சுடவில்லை என்ற வினாவை அவர் அந்நூலில் திரும்பத் திரும்ப ஆராய்கிறார். அருளா, அச்சமா, தற்செயலா என்று ஒவ்வொரு விடையையும் எடுத்துப் பார்த்து, தனக்குச் சாதகமான விடையின்மேல் ஐயங்கொள்கிறார். தன்னை உயர்த்தும் விளக்கத்தை ஏற்க மறுக்கும் இந்நேர்மையே நூலின் தகுதி. பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளராகி, 1971இல் ஜப்பானியக் கலைக் கழக உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டபோது, போர்க்கைதியாக இருந்த கடந்த காலத்தைக் காரணம் காட்டி அவர் அச்சிறப்பை மறுத்தார். நாடு அளித்த பெருமை, அந்நாடே இழிவெனக் கற்பித்த அனுபவத்தை மூடிவிடக் கூடாது என்று அம்மறுப்பைப் பொருள்கொள்ள இடமுண்டு.

கணைக்கால் இரும்பொறையின் பாடலையும் ஓகாவின் நூலையும் இணைத்துக் காண்பது செல்வாக்கு நோக்கிய ஒப்பீடு ஆகாது. காலமும் நாடும் வேறு. பிடிபட்டவர் தம் தாழ்வைத் தாமே சொல்லும்போது, அதைக் கேட்பவர் மறுத்து அவரை உயர்த்த முனைவது எவ்விடத்தும் நிகழ்கிறது என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

ஆற்றின் பெயரை மாற்றிய புனைவு

சயாமின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கி.மீ. நீளமுள்ள இரயில் பாதையை ஜப்பானியப் படை 1942 நடுப்பகுதிக்கும் 1943 அக்டோபருக்கும் இடையில் கட்டி முடித்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் அதில் வேலை செய்தனர். 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவ்வரலாற்றை உலகறியச் செய்தது கைதிகளின் எழுத்து அன்று. பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் வெளியிட்ட நாவலும், அதனைத் தழுவி டேவிட் லீன் 1957இல் இயக்கிய ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ திரைப்படமுமே. பூல் மலாயாவின் இரப்பர்த் தோட்டத்தில் பணியாற்றியவர். போரின்போது இந்தோசீனாவில் விஷி அரசின் கீழிருந்த பிரெஞ்சுக்காரர்களால் சிறைப்பட்டவர். இந்த இரயில் பாதையில் கைதியாக இருந்தவர் அல்லர்.

அப்புனைவில் வரும் கர்னல் நிக்கல்சன், பிரித்தானியப் படையின் திறமையை நிறுவும் வேட்கையில் பகைவருக்கே சிறந்த பாலம் கட்டிக் கொடுக்கிறார். கடமையுணர்வு அறியாமையாக மாறுவதைக் காட்டும் பாத்திரம் என்ற அளவில் அது வலிமையான படைப்பே. உண்மையில் தமர்கான் முகாமின் மூத்த பிரித்தானிய அதிகாரியாக இருந்தவர் ஃபிலிப் டூசி. தம் ஆட்களின் உணவுக்கும் மருந்துக்கும் காவலரோடு வாதாடி, அதற்காக அடிபட்டவர். அவருடன் இருந்து மீண்டவர்கள் பலர் திரைப்படத்தைக் கண்டு வெகுண்டனர். பாலத்தை விரும்பிக் கட்டியவர்களாகத் தாங்கள் உலகின் நினைவில் பதிந்துவிட்டதே அவர்களின் குறை. பசியைப் பற்றி அவர்கள் சொல்ல, உலகம் பாலத்தைப் பற்றிக் கேட்டது.

புனைவின் ஆற்றல் நிலவரைபடத்தையும் மாற்றியது. தமர்கான் பாலம் நிற்கும் ஆறு அக்காலத்தில் மே குளோங் எனப்பட்டது. திரைப்படத்தின் ஆற்றைத் தேடி வந்தவர்கள் பெருகிய பின், 1960களில் அப்பகுதி குவே யாய் எனப் பெயர் மாற்றப்பட்டது. கதைக்கு ஏற்ப இடம் தன்னைத் திருத்திக்கொண்டது. சான்றுரையும் புனைவும் மோதும்போது எது நிலைக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

பூலின் நாவல் புனைவு என்ற வகையில் தவறிழைக்கவில்லை. அதனைக் கைதியரின் கதையாகவே கொண்டாடியவர்கள் வகைமையைக் குழப்பினார்கள். பாதையில் இருந்தவர்களின் ஆவணங்கள் வேறு தன்மையன. ரொனால்ட் சேர்ல் வரைந்த ஓவியங்கள் வாந்திபேதியால் இறந்துகொண்டிருந்தவர்களின் படுக்கைக்கடியில் மறைத்துக் காக்கப்பட்டன. மருத்துவர் எட்வர்ட் டன்லப்பின் நாட்குறிப்பு நோயாளர் எண்ணிக்கையையும் அரிசியின் அளவையும் நாள்தோறும் கணக்கிடுகிறது. இவ்விரண்டும் 1986இல்தான் நூல்களாயின. இவ்வெழுத்துகளில் திருப்புமுனையும் உச்சமும் இல்லை. ஒரு நாளின் கணக்கு மறுநாளும் வருகிறது. அதுவே சிறையின் காலவடிவம். அதனைச் சலிப்பென்று நீக்குபவர் சிறையையே நீக்கிவிடுகிறார்.

லோமாக்ஸ்: மன்னிப்பு யாருடைய சொல்?

எரிக் லோமாக்ஸின் ‘தி ரெயில்வே மேன்’ 1995இல் வெளிவந்தது. எடின்பரோவில் பிறந்து, சிறுவயது முதல் இரயில் எஞ்சின்கள்மேல் தீராப் பற்றுக் கொண்டிருந்த ஒருவர், இரயில் பாதை ஒன்றினாலேயே சிதைக்கப்பட்ட வரலாறு அது. சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்ட அவர், காஞ்சனபுரியில் இரகசிய வானொலிப் பெட்டி கண்டுபிடிக்கப்பட்டதைத் தொடர்ந்து 1943இல் அடித்து வதைக்கப்பட்டார். அவருடன் தண்டிக்கப்பட்ட அதிகாரிகள் இருவர் அடியிலேயே இறந்தனர். பின்னர் சிங்கப்பூரின் ஊட்ரம் சாலைச் சிறையில் அடைக்கப்பட்டார்.

விசாரணையில் அவர் நினைவில் தங்கியது அடித்தவரின் முகத்தைவிட மொழிபெயர்த்தவரின் குரலே. அம்மொழிபெயர்ப்பாளர் தகாஷி நகாசே. கைதிக்குப் புரியும் மொழியில் பேசிய ஒரே குரல் அது. அதனால் வதையின் முழுப்பொருளும் அக்குரலிலேயே வந்து சேர்ந்தது. போருக்குப் பின் நகாசே நேச நாட்டினரின் கல்லறை தேடும் குழுவோடு பாதை நெடுகப் பயணம் செய்தார். குற்றவுணர்வு மேலிட்டுப் பிற்காலத்தில் அறப்பணிகளில் ஈடுபட்டார். ஒரு சிறுநூலும் எழுதினார். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது தாம் மன்னிக்கப்பட்டதாக உணர்ந்தேன் என்று அதில் குறிப்பிட்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் லோமாக்ஸின் நூல் தன் மையத்தை அடைகிறது. அச்சிறுநூலைப் படித்த அவருக்கும் அவர் மனைவி பாட்டிக்கும் சினமே எழுந்தது. வதைபட்டவர் உயிரோடிருக்க, அவர் அறியாமல் மன்னிப்பு எங்கிருந்து வந்தது? 1991இல் பாட்டி நகாசேக்கு எழுதிய கடிதம் இவ்வினாவையே எழுப்பியது. மறுமொழி வந்தது. கடிதங்களுக்குப் பின், 1993இல் காஞ்சனபுரியில் இருவரும் சந்தித்தனர். அதன்பின் ஜப்பானில், தனியறையில், லோமாக்ஸ் தம் மன்னிப்பை எழுத்தாக நகாசேயிடம் கொடுத்தார். கைதியின் கதையை முடித்துவைக்கும் உரிமை கைதிக்கே உண்டு என்பதை நூல் வாதமாகச் சொல்லாமல் நிகழ்ச்சிகளின் வரிசையாலேயே நிறுவுகிறது. பழிவாங்கும் எண்ணத்தோடு கழிந்த பல்லாண்டுகளையும், வீட்டில் பேச முடியாமற்போன நாட்களையும் அது மறைக்கவில்லை. அவ்வாண்டுகளின் நீளத்தை அறிந்த பிறகே அந்த எழுத்தின் எடை வாசகருக்குத் தெரிகிறது.

2013இல் ஜொனாதன் டெப்லிட்ஸ்கி இயக்கத்தில் இந்நூல் திரைப்படமானது. அதில் கடிதப் போக்குவரத்து முன்னதாக நிகழவில்லை. லோமாக்ஸ் கத்தியோடு தனியே சென்று நகாசேயை எதிர்கொள்கிறார். பழிவாங்கும் தருணத்தில் மனம் மாறுகிறார். திரைக்கு ஒரு மோதல் தேவை என்பது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயின் இம்மாற்றத்தால் இழக்கப்பட்டவை சிறியன அல்ல. முதலாவது, பாட்டியின் வினா மறைகிறது. இரண்டாவது, ஆண்டுக்கணக்கில் நிகழ்ந்த ஒன்று ஒரு காட்சியின் மனமாற்றமாகச் சுருங்குகிறது. மூன்றாவது, அறுபத்தைந்து வயதைக் கடந்து, சிகிச்சை பெற்று, கடிதம் எழுதி, காத்திருந்த ஒரு முதியவரின் உழைப்பு, இளம் வீரன் ஒருவனின் துணிவுச் செயலாகத் தோற்றங்கொள்கிறது. பூலின் புனைவு கைதியரை அறியாமைக்கு உரியவராக்கியது. இத்திரைப்படம் கைதியைச் சிறப்பிக்கவே முனைந்தது. நோக்கம் எதிரெதிராயினும் இரண்டும் கதை சொன்னவரின் காலத்தை அழிப்பதில் ஒன்றுபடுகின்றன. மன்னிப்பும் ஒரு வீரச்சட்டகமாக மாறக்கூடும் என்பதை இந்நேர்வு உணர்த்துகிறது. மன்னிக்காமலே இறந்த கைதிகள் பலர். அவர்களின் கதைகள் குறைவுடையன ஆகிவிடா.

எந்நாட்டுக் கதையிலும் இடம்பெறாதவர்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் சரணடைந்த இந்திய வீரர்கள் பல்லாயிரவர். அவர்களுள் ஒரு பகுதியினர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். சேராதவர்களுள் பலர் நியூகினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டுக் கொடுமைக்கு உள்ளாயினர். செங்கோட்டை வழக்கிற்குப் பின் இந்திய தேசிய இராணுவம் விடுதலைப் போராட்டத்தின் பெருங்கதையில் உரிய இடம் பெற்றது. மற்றவர்களுக்கு எக்கதையிலும் இடமில்லை. விடுதலை பெற்ற நாட்டுக்கு அவர்கள் அந்நிய அரசின் படைவீரர். அந்நிய அரசுக்கோ அவர்கள் வேற்று நாட்டவர் ஆகிவிட்டனர்.

மங்களூர்ப் பகுதியைச் சேர்ந்த ஜான் பாப்டிஸ்ட் கிராஸ்டா அவ்வாறு நியூ பிரிட்டனின் ரபவுலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீண்டவர். போர் முடிந்து ஊர் திரும்பியதும் தம் அனுபவத்தை எழுதி வைத்தார். அக்கைப்படி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, அவர் மகன் ரிச்சர்ட் கிராஸ்டாவின் முயற்சியால் நூலாயிற்று. அதன் துணைத்தலைப்பு அவரை ‘அறியப்படாத’ இந்தியப் போர்க்கைதி என்று குறிக்கிறது. போருக்கு மிக அண்மையில் எழுதப்பட்டமையால் பிற்கால விளக்கங்களின் சாயல் அதில் குறைவு. சேர்வதா, மறுப்பதா என்ற தெரிவு கைதிகளுக்கு எத்தகைய நெருக்கடியாக இருந்தது என்பதை உள்ளிருந்து அறிய இத்தகைய நூல்களே துணை. சேர்ந்தவரைத் தியாகி என்றும் மறுத்தவரை அடிமை என்றும், அல்லது சேர்ந்தவரைத் துரோகி என்றும் மறுத்தவரை விசுவாசி என்றும் பிரிக்கும் இருமை, பட்டினியிருந்த மனிதரின் தெரிவை விளக்கப் போதாது.

தந்தையின் கைப்படியை மகன் வெளியிடும்போது நூலில் இரு குரல்கள் அமைகின்றன. இது குறையாகாது, புறநானூற்றுக் கொளுவைப் போன்றதே. கொளுவின்றி 74ஆம் பாடலின் சூழல் நமக்குத் தெரியாது. பாடலையும் கொளுவையும் பிரித்தறியும் பயிற்சி தமிழ் ஆய்வாளருக்கு உண்டு. அதே பயிற்சி தற்காலச் சான்றுரைகளுக்கும் தேவை.

பட்டியலுக்கு வெளியே

சயாம்–பர்மா பாதையில் நேச நாட்டுக் கைதிகளைவிடப் பன்மடங்கு மிகுதியாக உழைத்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். அவர்கள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் என மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களுள் பெரும்பான்மையினர் இரப்பர்த் தோட்டத் தமிழர். இறந்தவர் தொகை பற்றிய மதிப்பீடுகள் பல்லாயிரக்கணக்கில் வேறுபடுகின்றன. அவ்வேறுபாடே ஒரு சான்று. எண்ணப்படாதவர்களின் தொகைதான் இவ்வாறு வேறுபடும்.

சட்டப்படி அவர்கள் போர்க்கைதியர் அல்லர். போர்க்கைதி என்பவர் ஒரு படையின் பெயரேட்டில் இருப்பவர். அவருக்கு எண் உண்டு. பெயர்களைக் குறித்துவைக்க உடனிருந்த அதிகாரி உண்டு. போர் முடிந்ததும் தேடி வரும் அரசு உண்டு. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் ஒழுங்குற நிற்பதற்கு இவையே காரணம். தோட்டத் தொழிலாளிக்கு இவற்றுள் எதுவுமில்லை. ஜப்பானியப் படையினர் 1944இல் பாலத்தருகே எழுப்பிய நினைவுத்தூணில் பிற மொழிகளோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. இறந்த தமிழர் எவருடைய பெயரும் அதில் இல்லை. நடுகல்லில் வீரனின் பெயரையும் சிறப்பையும் பொறிக்கும் வழக்கைச் சங்கப் பாடல்கள் கூறும். இங்கோ மொழி கல்லேறியது; பெயர் ஏறவில்லை.

அத்தொழிலாளர்களைப் பற்றிய நேரடிச் சான்றுகளுள் ஒரு பகுதி போர்க்கைதியரின் எழுத்திலேயே கிடைக்கிறது. 1983இல் வெளிவந்த மருத்துவர் ராபர்ட் ஹார்டியின் இரகசிய நாட்குறிப்பு, தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் வலிந்து கொண்டுவரப்பட்டதையும் அவர்களின் கொடிய நிலையையும் பதிவு செய்கிறது. 1943இல் கைதிகளுள் மருத்துவப் பயிற்சி பெற்றோர் சிலர் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டமையால் மேலும் சில சான்றுகள் உருவாயின. ஆதலின் போர்க்கைதியரின் நாட்குறிப்புகளைத் தமிழ் ஆய்வாளர் ‘அயலார் வரலாறு’ என்று ஒதுக்க இயலாது. தமிழரின் துயர் அயலாரின் கைப்படியில் ஓரக்குறிப்பாக எஞ்சியுள்ளது.

அவ்வோரக்குறிப்பை மையத்துக்குக் கொண்டுவந்தவை மலேசியத் தமிழ் நாவல்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகியன இவ்வகையில் குறிப்பிடத்தக்கன. கல்லில் இல்லாத நினைவை நூலாக எழுப்பும் நோக்கம் பின்னதன் தலைப்பிலேயே வெளிப்படுகிறது. இந்நாவல்களின் பணியைப் பூலின் நாவலோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே கூற்றுகள் பல இருக்க, புனைவு அவற்றின் இடத்தைக் கவர்ந்தது. இங்கே கூற்றுகள் பெரும்பாலும் எழுதப்படாத நிலையில், புனைவு அவ்வெறுமையைச் சுட்டி நிற்கிறது. ஆயினும் இந்நாவல்களையே சான்றுரையாகக் கொண்டு நிறைவடைவது மீண்டும் அதே வகைமைக் குழப்பத்தில் முடியும். நாவலாசிரியர் உருவாக்கிய தொழிலாளி, தன் பெயரும் ஊரும் அறியப்படாமல் இறந்த தொழிலாளிக்கு ஈடாகார். நாவலைப் போற்றுவோர், அது எழுதப்பட வேண்டியிருந்த காரணத்தையும் சேர்த்தே போற்ற வேண்டும்.

மதித்தலின் நெறி

மேற்கண்ட நேர்வுகளிலிருந்து நான்கு நெறிகளை வகுக்கலாம். முதலாவது, கூற்றையும் கொளுவையும் பிரித்தறிதல். சொன்னவர் யார், எப்போது சொன்னார், எழுதியவர் யார், வெளியிட்டவர் யார் என்பவை கதையின் பகுதிகளே. இரண்டாவது, தாழ்வை நீக்காமை. இரந்தேன், அஞ்சினேன், சுடவில்லை, வெறுத்தேன் என்று சொன்னவரிடம் ‘நீங்கள் வீரர்’ என்று மறுமொழி கூறுவது, அவர் சொன்னதைக் கேட்காமைக்கு ஒப்பாகும். மூன்றாவது, காலத்தைச் சுருக்காமை. நாற்பது ஆண்டு மௌனம் கதைக்கு முந்திய வெற்றிடம் ஆகாது. அது கதையின் நீண்ட அத்தியாயம். நான்காவது, பட்டியலை வினவுதல். யார் பெயர் பதிவாயிற்று என்று கேட்கும் ஆய்வு, அப்பட்டியலை வகுத்தவர் யார் என்றும் கேட்டாக வேண்டும்.

கள ஆய்வுக்கு இந்நெறிகள் உடனடிப் பயனுடையன. பாதையிலிருந்து மீண்ட தலைமுறை மறைந்துவிட்ட நிலையில், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சொல்வனவே இனிப் பதிவாகும். அவர்கள் கூறுவது தாம் கேட்டதை. சில வேளைகளில் திரையில் கண்டதையும். இவற்றைக் கலந்து ஒரே சீரான வாழ்க்கைக் கதையாக எழுதிவிடும் விருப்பம் தொகுப்போருக்கு எழுவது இயல்பு. கேட்டது இது, கண்டது இது, ஊகித்தது இது என்று வேறுபடுத்திக் குறிக்கும் பதிவு வாசிப்பதற்குத் தடைப்படலாம், அதுவே நம்பத்தக்கது.

முடிவுரை

போர்க்கைதியின் வாழ்க்கைக் கதை தோற்றவரின் கூற்று. அதனை வெற்றியாகவோ, அறியாமையாகவோ, உடனடி மன்னிப்பாகவோ மாற்றும் படைப்புகள் வாசகருக்கு நிறைவளிக்கின்றன. கூற்றுக்கு உரியவரை மீண்டும் பேசாதவராக்குகின்றன. ஓகா தம்மை உயர்த்தும் விளக்கத்தை மறுத்தார். லோமாக்ஸ் தம் மன்னிப்பைப் பிறர் எழுத விடவில்லை. கிராஸ்டாவின் கைப்படி தன்னைக் கேட்பாருக்காக அரை நூற்றாண்டு காத்திருந்தது. இரயில் பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளிக்கு அத்தகைய கைப்படியும் இல்லை.

குடவாயிற் கோட்டத்துச் சிறையிலிருந்து எஞ்சியது ஏழடிப் பாடல் ஒன்றே. அது எஞ்சியதற்குக் காரணம், தோற்ற அரசன் ஒருவனின் ஒப்புக்கொள்ளலைத் தொகுத்தோர் தள்ளிவிடாமல் தொகையுள் சேர்த்தமை. வென்றவனைப் பாடிய நூலும் அருகிலேயே வழங்கிவர, தோற்றவனின் குரலுக்கும் இடமளித்த அத்தொகுப்பு நெறியே போர்க்கைதியர் வாழ்க்கைக் கதைகளை அணுகும் தமிழ் ஆய்வுக்கு முன்மாதிரியாகத் தக்கது.